சிவப்பு அம்பு ஒட்டிய மூன்று பாட்டில்

அத்தியாயம் 11

ஆறாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.

காசிமாயன் தன் மருமகள் நதியாவுக்குத் தர வேண்டியிருந்த கடன் அது. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில், நதியா போனஸ் வாங்கி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்த பணம். அதை எடுத்துக் குடித்துத் தீர்த்துவிட்டு, சாக்கடையில் ஒரு காலை விட்டபடி கிடந்தார் காசிமாயன். தூக்கி வந்து போட்டபோது நதியா சத்தம் போடவில்லை. ஒரே ஒரு பேச்சுதான் சொன்னாள்.

"இன்னொருக்கா இந்த வாசம் இந்த ஊட்டுக்குள்ள வந்துதுன்னா, பாப்பாவைத் தூக்கீட்டு நான் கொமரலிங்கத்துக்கு எங்கம்மா ஊட்டுக்கே போயிருவனுங்க மாமா. அப்பறம் நீங்க பேத்தியப் பாக்க முடியாது."

அன்றோடு விட்டவர்தான். பழனிமுத்துவின் பனியன் கம்பெனியில் பெட்டி தூக்குகிறார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் நூறு ரூபாயை மருமகள் கையில் வைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். மீதி ஆயிரத்து முந்நூற்று ஐம்பது நிற்கிறது. பேத்தி ஜோதிகாவைப் பால்வாடிக்குத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு அனுமதி கிடைத்தது போன ஆடியில்தான்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பாட்டில் பீர் வந்து இறங்கியது.

கொண்டுவந்தது முதலாளி பழனிமுத்துவே. முதலிபாளையத்தில் அவர் கம்பெனிக்குப் பின்னால்தான் இவர்களுடைய லைன் வீடு. முன் அறையில் நதியாவின் மாமியார் வெள்ளையம்மாள் மெஸ் நடத்துகிறாள். மெஸ்ஸில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதுதான் வினை.

"எங்கூட்டு ஃப்ரிட்ஜுல வெச்சன்னா, எங்கம்மிணி பாட்டிலோட சேத்து என்னையும் வெளிய வெச்சுருவாங்க" என்றார் பழனிமுத்து. "ஒரு ராத்திரிக்கு மட்டும் இருக்கட்டுங்கம்மா. நாளைக்குப் பொழுதோட பெல்ஜியத்துக்காரர் வர்றாருங்க. எட்டாயிரம் டி-சர்ட் ஆர்டர் அவுரு கையிலதான் இருக்குது."

பெல்ஜியத்துக்காரர் பெயர் வில்லெம். சொந்தமாக பீர் காய்ச்சுகிறவர். பெரிய ஃபேக்டரி இல்லை. தாத்தா காலத்தில் தொடங்கி, இன்றைக்கும் இருபது பேரை வைத்து ஒரே ஊரில் நடத்துகிறார்களாம். அந்த ஊர்த் திருவிழாவுக்குத்தான் டி-சர்ட். நெஞ்சில் ஒரு அன்னப்பறவை. கம்பெனியில் எல்லோரும் அதை வாத்து என்றுதான் சொன்னார்கள். பாட்டில்களின் லேபிளிலும் அதே வாத்து தங்க நிறத்தில் நீந்தியது.

"அவுரு காச்சற பீருல ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு தீனி சேருமாமுங்க. வெளுத்த பீருக்கு மீனு. கறுத்த பீருக்குக் கறி. அப்பறம் வெள்ளை பீருன்னு ஒண்ணு இருக்குதாம். அதுக்கு லேசா, மெத்துன்னு ஏதாச்சும் வேணுமாம். உங்க ஆப்பத்தப் பத்திச் சொல்லியிருக்கறனுங்க."

"போட்டுருவோம்யா" என்றாள் வெள்ளையம்மாள். கண் என்னவோ பாட்டில் மேல் இல்லை. கூடத்தில் பேத்திக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்த புருஷன் மேல் இருந்தது.

காசிமாயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதும் ஒரு மாதிரியான பார்வைதான் என்று நதியாவுக்குத் தோன்றியது.

அவளுக்கு வேலை செக்கிங். காலையிலிருந்து இரவு வரை துணியை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து ஓட்டை, கறை, நூல் விடுதல் பார்ப்பது. குற்றம் இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. அம்பு விழுந்தால் அந்தப் பீஸ் ரிஜெக்ட். ஒன்பது வருஷமாக அதையே செய்தவளுக்கு, வீட்டில் தக்காளி வாங்கினாலும் கை தானாக விளக்கைத் தேடும்.

பாட்டில்களை அடுக்கும்போதும் அப்படித்தான். ஒவ்வொன்றாக ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். ஐந்து பாட்டில் எண்ணெய் மாதிரி தெளிவு. நான்கு கறுப்பு, கவிழ்த்துப் பார்த்தாள், அடியில் ஒன்றும் இல்லை. மீதி மூன்று கலங்கலாக இருந்தன. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. அடியில் மண்டி வேறு தங்கியிருந்தது.

"அத்தை, இந்த மூணும் கெட்டுப்போச்சுங்க. வெள்ளக்காரனுக்குக் குடுத்தா நம்ம மேலதான் பழி விழும். காலைல முதலாளிகிட்டச் சொல்லிக்கலாம்."

மூன்றின் லேபிளிலும், சரியாக வாத்தின் தலைமேல், பாட்டிலுக்கொரு சிவப்பு அம்பு ஒட்டிக் கீழ்த்தட்டில் தனியாக வைத்தாள். வெள்ளை பீர் என்று முதலாளி சொன்னதையும் தேடினாள். பால் மாதிரி எதுவும் தென்படவில்லை. கொண்டுவர மறந்திருப்பார் என்று விட்டுவிட்டாள்.

அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. வழக்கம்போல வாசற்கதவுக்குக் குறுக்காகப் பாய் விரித்துப் படுத்திருந்தார் மாமனார். அவர் காலைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது. அவர் புரளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவள் கண்ணைத் திறந்தாள். கடைசியில் எப்போதோ அசந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை. மார்கழிக் குளிர். பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

கீழ்த்தட்டில் சிவப்பு அம்பு ஒட்டிய பாட்டில் ஒன்றுதான் இருந்தது.

குனிந்து உள்ளே கையை விட்டுத் துழாவினாள். தக்காளிக்குப் பின்னால் பார்த்தாள். மேல்தட்டை எண்ணினாள். அங்கே ஒன்பதும் அப்படியே இருந்தன.

"ஏனுங்க அத்தை, கீழ மூணு வெச்சிருந்தனுங்களே. ரெண்டு எங்கீங்க?"

வெள்ளையம்மாள் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். "எனக்கென்னத்தா தெரியும்? எனக்கு மாவு பொங்குமா பொங்காதாங்கிறதே பெரும்பாடா இருக்கு."

அதற்குள் மாரிச்செல்வம் பல் துலக்கியபடி வந்துவிட்டான். நதியாவின் புருஷன், அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். விஷயத்தைக் கேட்டதும் வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"இதுல தேட என்ன இருக்கு? ஆள்தான் வீட்டுக்குள்ளேயே இருக்காரே. பூனைகிட்டக் கருவாட்டக் குடுத்துட்டு எண்ணிப் பாக்குறீங்க!"

காசிமாயன் கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ராத்திரி விருந்துக்கு இரண்டு படி வெங்காயம். நிமிர்ந்தார். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"பாரு, கண்ணப் பாரு" என்றான் மாரிச்செல்வம்.

"வெங்காயம்டா."

"ஆமா, வெங்காயம். போன தடவ கேட்டப்ப மெட்ராஸ் ஐன்னு சொன்னீங்க. என்னைய இன்னும் சின்னப் பையன்னே நெனைக்கிறீங்களா? ஒங்களப் பாத்து வளந்ததால அந்தக் கருமத்த இன்னிக்கி வரைக்கும் நான் மோந்துகூடப் பாத்ததில்ல."

காசிமாயன் மகனையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"நான் தொடலத்தா."

அவ்வளவுதான் சொன்னார். குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தார். உண்மையாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சொல்லமாட்டாரா? சத்தியம் பண்ணமாட்டாரா? ஆனால் குடித்த காலத்தில் அவர் பண்ணாத சத்தியமா? பேத்தி தலையில் அடித்தே பண்ணியிருக்கிறார். நதியாவுக்கு எந்தப் பக்கம் நம்புவது என்று தெரியவில்லை.

மாரிச்செல்வம் சட்டையை மாட்டினான். வாயில் கிராம்பு.

"என்னங்க, காலங்காத்தால கிராம்பு?"

"பல்லு வலி. நீ மொதல்ல இந்த மனுசனைக் கவனி."

அவன் போன பிறகு நதியா தேட ஆரம்பித்தாள். இன்றைக்குச் சமையலுக்காக லீவு சொல்லியிருந்தாள். பாத்ரூமுக்குப் பின்னால் பார்த்தாள். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே பார்த்தாள். கடைசியில், மாமனார் பக்கத்தில் இருந்த குப்பைக் கூடையில் வெங்காயத் தோலைக் கிளறினாள். கையில் கண்ணாடி தட்டுப்பட்டது.

காலி பாட்டில். வாத்தின் தலைமேல் சிவப்பு அம்பு.

அதை அப்படியே தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். காசிமாயன் பாட்டிலைப் பார்த்தார். பிறகு, எதற்கோ, அடுப்படிப் பக்கம் பார்த்தார். அங்கே வெள்ளையம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு என்னங்க மாமா சொல்றீங்க?"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லத்தா."

"அப்ப சரிங்க."

உள்ளே போனாள். பீரோவுக்கு மேலிருந்த ரெக்ஸின் பையை இறக்கினாள். ஜோதிகாவின் துணி, தன் துணி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வைத்தாள். முதலாளிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. சாயங்காலம் விருந்து முடியட்டும். முடிந்ததும் உடுமலை பஸ். அங்கிருந்து கொமரலிங்கம். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. ஜிப்தான் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

காசிமாயன் அந்தப் பையைப் பார்த்தார். அன்றைக்கு ஜோதிகாவைப் பால்வாடிக்கு அவர் தூக்கவில்லை. நதியாவே தூக்கிக்கொண்டு போனாள். குழந்தை அவள் தோளுக்கு மேலே எட்டி, "தாத்தா, வா" என்று கை நீட்டிக்கொண்டே போயிற்று.

பதினோரு மணி வாக்கில் முனவர் பேகம் வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். அவள் புருஷன் கியாசுதீன் பனியன் வேஸ்ட் வியாபாரி. தினமும் வெள்ளையம்மாளிடம்தான் ஆப்ப மாவு வாங்குகிறவர்கள். அந்த லைனில் எட்டு வீடு அப்படி.

"வெள்ளையக்கா, என்ன இன்னிக்கு மாவு இந்தப் பொங்கு பொங்கி நிக்குது! ரெண்டு சொம்பு ஊத்துங்க. எம்பையன் ஆதிப்புக்குக் காய்ச்சல் விட்டிருக்குது, ஆப்பம் வேணுங்கறான்."

குண்டான் நிறைய மாவு. பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. மார்கழி மாதத்தில் வெள்ளையம்மாளின் மாவு அப்படிப் பொங்கி நதியா பார்த்ததே இல்லை.

"இன்னிக்கி இல்ல முனவரு."

"இல்லியா? அப்ப இது என்னக்கா?"

"இது கம்பெனி விருந்துக்கு. கணக்காத்தான் இருக்கு."

"ரெண்டு சொம்புல கொறஞ்சு போயிருமாக்கும்?"

"இல்லைன்னா இல்லைன்னு விடேன். நாளைக்கி வா."

முனவர் பேகத்தின் முகம் சுருங்கிவிட்டது. "வெள்ளக்காரர் வர்றாருன்னதும் எங்க சொம்பு சின்னதாப் போச்சு. பரவால்லீங்கக்கா" என்றாள். போகும்போது வழக்கமாகச் சாத்தும் கதவைச் சாத்தவில்லை.

நதியா மாமியாரைப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மாவு இல்லை என்று சொல்கிறவள் இல்லை இவள். கடனுக்கும் கொடுப்பாள், சும்மாவும் கொடுப்பாள். இன்றைக்கு என்ன? ஆனால் நதியாவின் மனசு அந்தக் காலி பாட்டிலில் சிக்கிக் கிடந்தது. மாவு விஷயத்தை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தாள்.

பொழுது சாய்ந்ததும் கம்பெனி மொட்டை மாடியில் விருந்து. அமராவதி அணை மீன் வறுவல், மட்டன் சுக்கா, குடல் கூட்டு, கொண்டைக்கடலைச் சுண்டல். ஒரு ஓரத்தில் அடுப்பு வைத்து வெள்ளையம்மாள் ஆப்பம் ஊற்றினாள். காசிமாயன் தட்டு கொண்டுபோய் வைத்தார். அவர் பாட்டில் பக்கம் போகும்போதெல்லாம் மாரிச்செல்வம் கூடவே போனான். பார்க்கிறவர்களுக்குக் காவல் மாதிரி இருந்தது.

வில்லெம் ஆறடி ஆள். தரையில் சம்மணம் போட்டு உட்கார முயற்சி பண்ணி, முடியாமல், காலை நீட்டிக்கொண்டார். தெளிந்த பீரை ஊற்றினார், மீனைக் கடித்தார், கண்ணை மூடினார். கறுப்பு பீரோடு சுக்காவைத் தின்றுவிட்டுக் காரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே பழனிமுத்துவின் தோளில் அடித்தார். பழனிமுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "வேப்பங்கொட்டைக் கசாயமாட்ட இருக்குதுங்க" என்று தமிழில் சொல்லி, இங்கிலீஷில் "குட், குட்" என்றார்.

அப்புறம் வில்லெம் ஏதோ கேட்டார். பழனிமுத்துவின் முகம் மாறியது.

"ஏம்ப்பா மாரி, வெள்ளை பீரு மூணு இருந்துதே. கலங்கலா இருக்குமாமா. அதையத்தான் கேக்கறாரு. எங்க?"

நதியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கலங்கலா?

"ஒண்ணுதாங்க இருக்கு மொதலாளி" என்றான் மாரிச்செல்வம், யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால். "ரெண்டு கை தவறி ஒடைஞ்சு போச்சுங்க."

அப்பன் மானத்தைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்தாள் நதியா. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஓடிப்போய் மிச்சமிருந்த பாட்டிலைக் கொண்டுவந்து, ஸ்டிக்கரைப் பிய்க்க மறந்து, அப்படியே நீட்டினாள்.

வில்லெம் அம்பைப் பார்த்தார். பழனிமுத்து கையைப் பிசைந்துகொண்டு விளக்கினார். வில்லெம் சிரித்த சிரிப்பு, கீழே கேட்டில் இருந்த வாட்ச்மேனுக்குக் கேட்டிருக்கும்.

"அதைய ரிஜெக்ட் பண்ணிப் போட்டியா கண்ணு! அவுரு காச்சறதுல அதுதான் ஒசத்தியாமா. அந்த மண்டி இருந்தாத்தான் அது உசுரோட இருக்குதுன்னு அர்த்தமாமா" என்றார் பழனிமுத்து.

வில்லெம் பாதியை ஊற்றிவிட்டு, பாட்டிலைச் சுழற்றி, அடி மண்டியைக் கலக்கி, மீதியை ஊற்றினார். நுரை எழும்பியது. அதனோடு ஒரு வாசம் வந்தது. கொத்தமல்லி விதை வாசம். கூடவே ஆரஞ்சுத் தோல்.

நதியா அந்த வாசத்தை இன்றைக்கு முழுவதும் சுவாசித்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கே?

அதற்குள் வில்லெம் இன்னொரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, சிரித்த முகமாக, தட்டு வைக்க வந்த காசிமாயனிடம் நீட்டினார். காசிமாயன் கிளாஸைப் பார்த்தார். நுரை உட்கார்வதைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். கை நடுங்கியது. ஆனால் பிரியவில்லை.

நதியா பார்த்தாள். நேற்று ராத்திரி குடித்தவன் இன்றைக்கு ஒரு கிளாஸுக்கு இப்படி நடுங்குவானா?

அப்போது அடுப்பு ஓரத்தில் ஜோதிகா வீறிட்டு அழுதாள். ஆப்பத்தைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோன குழந்தையின் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் போட்டிருந்தாள் வெள்ளையம்மாள்.

"இது ஒனக்கு இல்லடி கழுத. தாத்தாகிட்டப் போயிச் சுண்டல் வாங்கிக்க."

நதியா அடுப்பருகே போனாள். கீழே கிடந்த ஆப்பத்தை எடுத்தாள். முகர்ந்தாள். மல்லி. ஆரஞ்சுத் தோல்.

"அத்தை."

"கருகுது, அங்கிட்டுத் தள்ளு."

"காய்ச்சல் புள்ளைக்கு இல்ல. பேத்திக்கு இல்ல. வெள்ளக்காரருக்கு மட்டும் உண்டு. இந்த மாவுல என்னத்த ஊத்துனீங்க?"

வெள்ளையம்மாள் கரண்டியைக் குண்டானில் போட்டாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். மறைக்கத் தெம்பில்லாதவள் மாதிரி, மெதுவாகப் பேசினாள்.

"விடிகாலைல பாத்தேன், மாவு கல்லு மாதிரி கெடந்துச்சு. குளுரு. விருந்த ஒத்துக்கிட்டாச்சு, என்ன பண்ண? எங்க ஊருல கள்ளு ஊத்தித்தான் ஆப்ப மாவு பொங்கவப்போம். நீதான அது மூணும் கெட்டுப்போச்சுன்ன. தெறந்து மோந்தேன். கள்ளு மண்டி மாதிரியே இருந்துச்சு. கொட்டுறத மாவுல கொட்டுவோமேன்னு ஊத்திட்டேன்."

"அதையக் காலைலயே சொல்றதுக்கு என்னுங்க?"

"எப்படிச் சொல்றது? எட்டு வீட்டுக்கு மாவு குடுக்கிறேன். என் மாவுல சாராயம் விழுந்துச்சுன்னு ஒரு பேச்சு கெளம்பினா முனவரு வீட்ல நாளைக்கி வாங்குவாகளா? அவுக மட்டுமா? கொட்டித் தீத்துட்டு நாளைக்கிப் புதுசா ஆட்டிக்கலாம், யாருக்கும் தெரிய வேணாம்னு இருந்தேன்."

"அதுக்கு மாமாவக் காட்டிக் குடுத்தீங்களா? நான் பாட்டில அவுரு மூஞ்சிக்கு நேராப் புடிச்சப்ப நீங்க அங்கதான நின்னீங்க! பை கட்டி வெச்சிருக்கறேன் அத்தை. பாப்பாவை அவுருகிட்ட இருந்து பிரிக்கறதுக்குப் பை கட்டி வெச்சிருக்கறேன்!"

"அந்த மனுசனுக்குப் பேரு எப்பவோ போயிருச்சுத்தா" என்றாள் வெள்ளையம்மாள். "என் மாவுக்கு இன்னும் போகல."

அந்தப் பேச்சில் பதினெட்டு வருஷ அடி உதை இருந்தது. அதே நேரம் அது அநியாயமாகவும் இருந்தது. இரண்டையும் ஒரே ஆப்பச்சட்டியில் போட்டுப் புரட்டத் தெரியாமல் நின்றாள்.

"முனவர் அக்காகிட்ட நீங்களே சொல்லோணும். இனி வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி."

"சொல்றேன். காலைல குண்டானக் கழுவிக் கவுத்துட்டு, நானே போயிச் சொல்றேன்."

திரும்பி நடந்த நதியா நின்றாள். செக்கிங்காரியின் மூளை அது. எண்ணிக்கை ஒத்துப்போகாமல் மேசையை விட்டு எழும்பாது.

"அத்தை, எத்தனை பாட்டில் ஊத்துனீங்க?"

"ஒண்ணுதான். ஒண்ணே போதுமா இருந்துச்சே."

"ஃப்ரிட்ஜத் தெறந்தப்ப கீழ எத்தனை இருந்துச்சுங்க?"

வெள்ளையம்மாள் யோசித்தாள். அவள் முகம் மெல்ல மாறுவதை அடுப்பு வெளிச்சத்தில் பார்த்தாள் நதியா.

"ரெண்டு."

விருந்து ஏழரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. வில்லெம் ஆறு ஆப்பம் தின்றார். ஆர்டரில் இன்னும் ஆயிரம் பீஸ் சேர்த்தார். பழனிமுத்து மெஸ் கணக்கோடு ரெண்டாயிரம் சேர்த்து வெள்ளையம்மாள் கையில் கொடுத்தார். படி இறங்கும்போது அவள் அதில் பாதிக்கு மேல் எண்ணிப் பிரித்துப் புருஷனிடம் நீட்டியதை நதியா பார்த்தாள்.

"இந்தா. ரெண்டு படி வெங்காயம் உரிச்ச கூலி" என்றாள் வெள்ளையம்மாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும் மாரிச்செல்வம் நேராகக் குளிக்கப் போனான். "பேண்ட்ட ஊறப் போட்டுரு நதியா. நாள் பூராம் வேர்வை" என்று கொடியில் தொங்கவிட்டுப் போனான். பாத்ரூமில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஏதோ பாட்டுகூடப் பாடினான்.

ஊறப் போடும் முன் பாக்கெட்டைத் துழாவுவது அவள் வழக்கம். ஒரு பாக்கெட்டில் நாலு கிராம்பு. அடுத்த பாக்கெட்டின் மூலையில் ஏதோ பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள்.

சிவப்பு அம்பு.

கட்டிங் செக்‌ஷனில் அம்பு ஸ்டிக்கருக்கு வேலை இல்லை. இருந்தாலும், தன்னிடமிருந்து ஒட்டியிருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள். நம்ப ஆசைப்பட்டாள். ஸ்டிக்கரைத் திருப்பினாள். பின்பக்கம் ஈரத்தில் கிழிந்த லேபிள் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் தங்க நிறத்தில் ஒரு வாத்துத் தலை.

பூனைக்குக் கருவாடு. மோந்துகூடப் பார்த்ததில்லை. ரெண்டும் ஒடைஞ்சு போச்சு. காலையிலிருந்து அவன் பேசியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தது.

"நதியா."

வாசலில் காசிமாயன் நின்றார். மூலையில் கட்டி வைத்த பையைத் தாண்டாமல், அதற்கு அந்தப் பக்கமே நின்றார்.

"மீதி ஆயிரத்து முந்நூத்தி அம்பது. இந்தாத்தா."

அவள் ஸ்டிக்கர் ஒட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். "இருக்கட்டுங்க மாமா. இன்னைக்கு உங்க மேல போட்ட பழிக்கு அது கழிஞ்சு போச்சுங்க. நான் இனிக் கேக்க மாட்டேன்."

"கழிக்கக் கூடாது. நீ கழிச்சுவிட்டா நான் குடுத்ததா ஆகாது. வாங்கு. எண்ணிப் பாரு."

அவர் முன்னால் எண்ணினாள். ஐம்பது ரூபாய்த் தாள்களில் மீன் வாசம் அடித்தது.

"காலைல ஏனுங்க மாமா பேசாம இருந்தீங்க? அத்தை ஊத்துனது உங்களுக்குத் தெரியுமில்ல?"

"பாத்தேன்."

"வாசலுக்குக் குறுக்காலதான படுக்கறீங்க. ராத்திரி உங்க காலத் தாண்டி வெளிய போனதையும் பாத்திருப்பீங்க."

காசிமாயன் பாத்ரூம் பக்கம் ஒரு முறை பார்த்தார். பொய் சொல்லியே பழகிய ஆளுக்கு இன்றைக்கு ஒரு சின்னப் பொய் வாயில் வரமாட்டேன் என்றது.

"இருட்டுல என்னத்தத் தெரியும்" என்றார் கடைசியில். "பணம் சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க."

"அப்ப தீந்துச்சுத்தா. இனிமே இந்த வீட்டுல ஒனக்குக் கடன்காரன்னு யாரும் இல்ல."

நதியா மடக்கிய விரலை நீட்டினாள். சிவப்பு அம்பு ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது.

"உங்க கடன் தீந்துருச்சுங்க மாமா. இன்னும் ஒருத்தர் இருக்காரு."

யார் என்று அவர் கேட்கவில்லை. பாத்ரூமில் தண்ணீர் சத்தம் நின்றது.